மைக் பெட்டியும் என் மச்சானும்

புனேயில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். போன வருஷம் ஒரு டாக்டர் சர்க்கரை நோயைப் பற்றி எழுதினார். இந்த வருஷம் நான் அகப்பட்டேன். ஔந்த் பக்கம் ஐ.டி.யில் இருக்கிற நம் பிள்ளைகள் நல்ல நல்ல ஸ்பீக்கராக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கடையில் கேட்டபோது இருந்த சுகம் வீட்டு ஹாலில் இல்லை என்று புலம்புகிறார்கள், கம்ப்யூட்டரை வைத்து அறைக்குத் தக்கபடி ஒலியைத் திருத்துவது எப்படி என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்றார் சங்கச் செயலாளர். ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை அது. ரூம் கரெக்‌ஷன் என்று சொல்வோம். சரி என்று எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் பேனா நேராக என் மச்சான் தாமுவிடம் போய் நிற்கிறது.

தாமு என் மனைவி கோமதியின் தம்பி. அவனும் நானும் ஒரே கடையில், ஒரே முதலாளியிடம், ஒரே வேலை பார்த்தோம். அவன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, இருக்கிறது என்று மாற்றினேன். சங்க மலரில் பொறாமையைப் பற்றி எழுதக் கூடாது என்று செயலாளர் ஒன்றும் சொல்லவில்லை. தாமு கட்கியில் மராத்திப் பள்ளியில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். இவ்வளவு நீளக் கட்டுரையை அவன் படித்து முடிப்பதற்குள் அடுத்த மலரே வந்துவிடும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். என்னையும் அங்கேயே நுழைத்துவிடப் பார்த்தார். நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, போபோடியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சில வருஷம் சாலிடரிங் புகையைக் குடித்தேன். பிறகு ஔந்தில் ஒரு ஆடியோ கடையில் சேர்ந்தேன். பணக்காரர்கள் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கும் சாமான் விற்கிற கடை. விற்ற சாமானை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்து, ஒழுங்காகப் பாட வைப்பது என் வேலை. படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் வைத்யா சார் கையில் கற்றுக்கொண்டேன்.

வைத்யா சார்தான் முதலாளி. ஒல்லியான மனிதர், எப்போதும் அரைக்கைச் சட்டை, எப்போதும் கதர்ப் பை. ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் முதலில் ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்கு நடுவே போய் நின்று கையை ஒரு தட்டு தட்டுவார். தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் அடங்குகிற வரை கேட்பார். பிறகு மூலைக்கு மூலை போய்த் தட்டுவார். சுவரை விரல் முட்டியால் தட்டுவார், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார், கண்ணாடிக் கதவை ஆட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர் "என்ன சார்?" என்றால் பதில் வராது. டீ கொடுத்தால் குடிப்பார், அப்போதும் பேச மாட்டார். நாள் பூராவும் நாங்கள் மாரடித்து வேலையை முடித்த பிறகு, ரொம்பவும் பிடித்துப்போனால் 'சாலேல்' என்று ஒரு வார்த்தை சொல்வார். மராத்தியில் அதற்கு 'பரவாயில்லை, ஓடும்' என்று அர்த்தம். அவரிடம் பாராட்டு அதோடு தீர்ந்துபோகும். அந்த ஒரு 'சாலேலு'க்காக நான் தூக்காத ஸ்பீக்கர் இல்லை, ஏறாத மாடி இல்லை.

தமிழன் எவனைப் பார்த்தாலும் புனேக்காரர்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்யா சாரும் என்னை அண்ணா என்பார். தாமு வந்து சேரும்வரை கடையில் நான் ஒருவன்தான் அண்ணா. அவன் வந்த பிறகு நான் படா அண்ணா, அதாவது பெரிய அண்ணா; அவன் சோட்டா அண்ணா, சின்னவன். அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது.

அவனைக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். ரூம் கரெக்‌ஷன் அப்போதுதான் எங்கள் கடைக்கு வந்திருந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் கூச்சம். தாமு எங்கேயோ கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற கடையில் இருந்தான். "என் தம்பிக்குக் கம்ப்யூட்டர்னா தண்ணி பட்ட பாடு. உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கோமதி காலையும் மாலையும் அரித்தாள். சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தேன். மறுநாளிலிருந்து கோமதி இரண்டு டப்பா கட்டினாள். மீன் வறுத்த நாளில் நடுத்துண்டு அவன் டப்பாவில் இருக்கும், வால் என் டப்பாவில் இருக்கும். கேட்டால், "வளர்ற பையன்" என்பாள். அவனுக்கு அப்போது மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது.

செயலாளர் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஹாலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் அநேகமாக அது ஸ்பீக்கர் குற்றமில்லை, சுவர் செய்கிற வேலை. தபலாவின் இடது பக்கம், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி மாதிரியான கனத்த அடிச் சத்தங்கள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். சில இடத்தில் நேராக வருவதும் திரும்பி வருவதும் சேர்ந்துகொண்டு மேடாகும். சில இடத்தில் இரண்டும் எதிரெதிரே மோதி ஒன்றையொன்று தின்றுவிட்டுப் பள்ளமாகும். ஆகவே முதலில் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். சோபாவைப் பின்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வெறும் கண்ணாடிக்குக் கனமான திரை போடுங்கள், தரையில் ஒரு கம்பளம் விரியுங்கள். பாதி வியாதி அதிலேயே போய்விடும். மீதிக்குத்தான் மைக்.

மைக் என்றால் மேடையில் பேசுகிற மைக் இல்லை. விரல் பருமனில் ஒரு குழல், நுனியில் ஒரு பொட்டு. அளப்பதற்கென்றே செய்தது. ஒவ்வொரு மைக்குக்கும் கேட்பதில் ஒரு சின்னக் கோணல் உண்டு. இந்த மைக்கின் கோணல் இன்னது என்று அதைச் செய்தவர்களே ஒரு ஃபைல் தருவார்கள், அதை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வேறு மைக்கின் ஃபைலை ஏற்றிவிட்டு, பகலெல்லாம் அளந்து, சாயங்காலம் தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, நீங்கள் உட்காரும் இடத்தில், உங்கள் காது உயரத்தில் நிறுத்த வேண்டும். ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏ.சி. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஊளை கிளம்பும். தரை அதிர்கிற அடிச் சத்தத்தில் தொடங்கி மேலே மேலே ஏறி, கடைசியில் கொசு மாதிரி மெலிந்து காணாமல் போகும். கீழே தெருநாய்கள் பதில் சொல்லும். நாய் சொன்னால் மறுபடியும் அளக்க வேண்டும். தலை ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருக்காது என்பதால் சுற்றுவட்டத்தில் நாலைந்து இடத்தில் அளந்து சராசரி பார்க்க வேண்டும். அப்போது திரையில் ஒரு கோடு வரும், மேடும் பள்ளமுமாக. உங்கள் ஹாலின் லட்சணம் அதுதான். அதைப் பார்த்து எந்தச் சத்தத்தைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று கம்ப்யூட்டரில் குறித்து வைப்பதுதான் திருத்தம்.

அந்த மைக்கை வைத்யா சார் ஒரு மரப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை போட்டு வைத்திருந்தார். கடைக்கு அது ஒன்றுதான். அவர் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. நாங்கள் ஒயரை இழுப்போம், ஸ்டாண்டை நிறுத்துவோம், அவர் பெட்டியைத் திறப்பார். வாடிக்கையாளர்கள் எழுந்து நின்று அவருக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். 'மைக்வாலே சாகேப்', மைக்கார ஐயா, என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவான். எனக்கு அந்தப் பெட்டி வேண்டும் என்று இருந்தது. வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. சாருக்கு முழங்கால் வலி வந்து மாடி ஏறுவது கஷ்டமானபோது, பெட்டி எனக்குத்தான் வரும் என்று கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாபிராமன் வீட்டு வேலை வந்தது. பட்டாபிராமன் பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஔந்தில் சொந்த ஃப்ளாட். வாழ்நாள் ஆசை என்று எங்கள் கடையிலேயே விலை உயர்ந்த செட்டை வாங்கியிருந்தார். வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று போன் செய்தார்.

போய்ப் பார்த்தோம். நீளமான ஹால். ஒரு பக்கம் பூராவும் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் பால்கனி. இன்னொரு பக்கம் சாப்பாட்டு இடம் திறந்து கிடக்கிறது. அவர் ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைப் போட்டுக் காட்டினார். கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"தொப்பி எங்க அடிச்சாலும் ஒரே மாதிரி 'தொம்'முங்கறது. வித்வான் என்ன வாசிக்கறார்னே தெரியலை. மாடிப்படி இறங்கற யானை மாதிரி இருக்கு" என்றார். அவருடைய சம்சாரம் சமையல்கட்டிலிருந்து, "கீழாத்துக்காரா ரெண்டு தரம் வந்துட்டா" என்றாள்.

வைத்யா சார் கையைத் தட்டினார், மூலைகளைப் பார்த்தார், டீ குடித்தார். ஸ்பீக்கரை வெளியே இழுக்கச் சொன்னார். சோபாவை முன்னால் நகர்த்தச் சொன்னார். கண்ணாடிக்குக் கனமான திரை போடச் சொல்லிவிட்டு வந்தோம். திரை வந்த பிறகு யானை கொஞ்சம் இளைத்தது. ஆனால் போகவில்லை.

மறுபடி போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது சார் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டை நான் அளக்கப் போவதில்லை. ஒரு நாள் படா அண்ணா அளக்கட்டும், ஒரு நாள் சோட்டா அண்ணா அளக்கட்டும். சோபா, ஸ்பீக்கர், திரை எதையும் யாரும் அசைக்கக் கூடாது. இரண்டு திருத்தத்தையும் மெஷினில் தனித்தனியாக வையுங்கள். நான் வந்து கேட்கிறேன். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவர் கையில் பெட்டி."

முதல் நாள் என்னுடையது. பெட்டியை நானே திறந்தேன். அளந்து பார்த்தால் திரையில் அடிப்பக்கம் இரண்டு பெரிய மேடு, அதற்குப் பக்கத்தில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். மேட்டைச் செதுக்கினேன். பள்ளத்தை விட மனசு வரவில்லை. அதை நிரப்பினேன். கொஞ்சம் நிரம்பியது, இன்னும் கொட்டினேன். அடிச் சத்தத்தோடு நிற்காமல் உச்சிவரை போய் ஒவ்வொரு சுருக்கத்தையும் இஸ்திரி போட்டேன். சாயங்காலம் பார்த்தபோது கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் இருந்தது. அவ்வளவு நேரான கோட்டை வைத்யா சார்கூடப் போட்டு நான் பார்த்ததில்லை. பாட்டைப் போட்டுக் கேட்டேன். அசதியில் காது அடைத்திருந்தது. கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் எல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தது.

இப்போது ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. பள்ளத்தை நிரப்பாதீர்கள். அங்கே சத்தம் குறைவதற்குக் காரணம் ஸ்பீக்கர் கொடுக்காதது இல்லை. வருவதும் திரும்புவதும் அடித்துக்கொண்டு சாவதுதான் காரணம். நீங்கள் கூட்டக் கூட்ட அடிதடியும் கூடும். ஆம்பிளிஃபயர்தான் மூச்சு வாங்கும். மேட்டை மட்டும் வெட்டுங்கள், மேல்ஸ்தாயியை முடிந்தவரை தொடாதீர்கள், கோடு அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறகு வந்தது.

மறுநாள் தாமுவின் முறை. நான் ஒயர் இழுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். அவன் அளந்தான், யோசித்தான், இரண்டு மேட்டையும் வெட்டினான். பிறகு பட்டாபிராமனிடம் மிருதங்கத்தைப் போடச் சொல்லிவிட்டு சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவ்வப்போது எழுந்துபோய் எதையோ ஒரு துளி மாற்றுவான், மறுபடி உட்காருவான். மத்தியானமே முடித்துவிட்டான். கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன்னால் அவன் கோட்டைப் பார்த்தேன். பள்ளம் அப்படியே இருந்தது. மேல்பக்கம் சரிந்துகொண்டே போனது. குழந்தை கிறுக்கின மாதிரி இருந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. பாவம், கோமதிக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

அடுத்த நாள் வைத்யா சார் வலிக்கிற முழங்காலோடு மாடி ஏறி வந்தார். முதலில் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு திருத்தத்தின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினார். ஒன்று ஒரு துளி உரக்க இருந்தால் அதுதான் நல்லது என்று எந்தக் காதும் சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. முதலில் யாருடையது வரும், இரண்டாவது யாருடையது வரும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பட்டாபிராமன் முதலில், அப்புறம் நான், கடைசியில் தாமு.

நான் உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தேன். சார் எனக்குப் பின்னால் ரிமோட்டோடு நின்றார். முதல் திருத்தத்தில் மிருதங்கம் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எங்கேயோ ஆயாசமாக இருந்தது. பாடகரின் குரல் வந்தபோது அவர் நின்றுகொண்டே தூங்குகிற மாதிரி இருந்தது. பிறகு சார் மாற்றினார். தொப்பியைக் கையால் அமுக்கி வழுக்குவது, விட்டு அடிப்பது, விரலால் தட்டுவது ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து மடியில் விழுந்தது. கண்ணாடி அசையவில்லை. குரலில் உயிர் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எது நல்லது?" என்று சார் கேட்டார்.

"ரெண்டாவதுதான் சார், சந்தேகமே இல்ல" என்றேன்.

"எது உன்னுடையது?"

"அதுதான் சார் என்னோடது" என்றேன். தொப்பி எப்படித் தெளிந்திருக்கிறது, குரல் எப்படி நிற்கிறது என்று விளக்கமாகவும் சொன்னேன். சார் தலையை ஆட்டினார். தாமுவை அனுப்பச் சொன்னார்.

நான் பால்கனிக்குப் போய் நின்றேன். மனசு காற்றில் மிதந்தது. கீழே பள்ளிக்கூட வேன்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. பெட்டியை ஸ்கூட்டரில் எங்கே வைப்பது, கட்கியில் யார் யார் கண்ணில் படும்படி எடுத்துப் போவது என்று திட்டம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தாமு வந்து என் பக்கத்தில் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோற்றுவிட்டது அவனுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெயித்தவனுக்கு வருகிற தாராளத்தில் அவன் தோளைத் தட்டினேன்.

"விடுறா தாமு, உனக்கு இன்னும் வயசு இருக்கு" என்றேன். அவன் திரும்பவே இல்லை.

சார் எங்களை உள்ளே கூப்பிட்டார். பட்டாபிராமன் சோபாவில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். "ரெண்டாவதே இருக்கட்டும். முதல்ல போட்டது நியூஸ் வாசிக்கற மாதிரி இருந்தது" என்றார். சார் மரப் பெட்டியை எடுத்தார். என் கை தானாக முன்னால் நீண்டது. அவர் பெட்டியைத் தாமுவிடம் கொடுத்தார்.

"இரண்டாவது சோட்டா அண்ணாவோடது" என்றார். பிறகு தாமுவைப் பார்த்து, "சாலேல்" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் வாயாலேயே அவன் வேலையை அத்தனை புகழ்ந்திருக்கிறேன். என் வேலையைத் தூங்குமூஞ்சி என்று நினைத்திருக்கிறேன். சார் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தாமு தன் வேலையைக் கண்டுபிடித்திருப்பான், எல்லாம் தெரிந்துகொண்டுதான் பால்கனிக்கு வந்திருப்பான், சிரிப்பை அடக்கத்தான் முகத்தைத் திருப்பியிருப்பான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்தத் தோளைப் போய்த் தட்டிக் கொடுத்தேனே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

வீடு திரும்ப ஒரே ஸ்கூட்டர். நான் ஓட்டினேன், அவன் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஔந்த் ரோட்டிலிருந்து போபோடி தாண்டிக் கட்கி வரும்வரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பெட்டியின் மூலை என் முதுகில் குத்தியது. "சாரி மாமா" என்பான். அடுத்த பிரேக்கரில் மறுபடி குத்தும், மறுபடி சாரி. வீட்டில் கோமதி கேசரி கிளறினாள். எனக்கு ஆறுதலாக ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

அதற்குப் பிறகும் அதே கடையில்தான் இருந்தேன். தாமு பெட்டியைத் திறப்பான், நான் ஸ்டாண்டை நிறுத்துவேன். வாட்ச்மேன்கள் அவனுக்கு கேட்டைத் திறந்தார்கள். நானும் பள்ளத்தை விடக் கற்றுக்கொண்டேன், என் திருத்தத்திலும் குரல்கள் எழுந்து உட்கார்ந்தன. அவன் ஊரில் இல்லாத நாட்களில் பல வீடுகளை நானே முடித்திருக்கிறேன். இருந்தாலும் புதிதாக ஒரு ஹாலுக்குள் நுழைந்து அவன் சோபாவில் கண்ணை மூடும்போதெல்லாம் என் வயிற்றில் ஒரு கங்கு விழும். அவன் தப்பு செய்ய வேண்டும் என்று சாமியிடம் வேண்டியதும் உண்டு. சாமிக்கு அவனைத்தான் பிடிக்கும் போலிருக்கிறது. இப்போது ஆம்பிளிஃபயரோடு மைக்கும் சேர்ந்தே வருகிறது, போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே அளந்து அதுவே திருத்திவிடுகிறது. அதிலும் சிக்கல் வந்தால் தாமுவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தாமு சாப்பிட வந்திருந்தான். இந்தக் கட்டுரையில் பட்டாபிராமன் வீட்டு விஷயம்வரை எழுதிவிட்டு மேலே போகாமல் நின்றிருந்தேன். உள்ளே சார் அவனிடம் என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகக் கேட்டதில்லை. கேட்டால் அவன் சிரிப்பான் என்ற பயம்தான். மலர் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் துணிந்து கேட்டேன்.

"அன்னைக்கு பட்டாபிராமன் வீட்ல சார் உன்கிட்ட என்னடா கேட்டாரு?"

தாமு கறித்துண்டை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான். "எது நல்லா இருக்கு, எது உன்னோடதுன்னு கேட்டாரு மாமா."

"ரெண்டாவது என்னோடதுன்னு சொல்லியிருப்ப."

"இல்ல மாமா. ரெண்டாவதுதான் நல்லா இருக்குன்னேன். ஆனா அது மாமாவோடதுன்னேன்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். "மரியாதைக்குச் சொன்னியா?"

"சே, அங்க என்ன மரியாதை? பெட்டி எனக்கு வேணும்னு எவ்ளோ ஆசையா இருந்தேன், அக்காவக் கேளுங்க. உங்க கோடு ஏக்தம் நேரா இருந்துச்சு. என்னோடது கோணல் மாணல். ரெண்டாவது அவ்ளோ நல்லா இருக்கவும், சரி இது மாமாவோடதுதான், பெட்டி போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பால்கனிக்கு வந்தா நீங்க நிக்கறீங்க. உங்க மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். இந்த ஆளு எப்படி இப்படிப் பண்ணாருன்னு வயிறு எரியுது. அழுகை வந்துடும்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அதோட விடாம நீங்க தோள்ல வேற தட்டுனீங்க. சத்தியமா மாமா, கீழ புடிச்சுத் தள்ளிடலாமான்னு இருந்துச்சு."

"என்ன பேச்சுடா இது" என்றாள் கோமதி. அவன் தட்டில் வைக்கப்போன துண்டை என் தட்டில் வைத்தாள்.

"ஸ்கூட்டர்ல ஏன்டா ஒண்ணும் பேசல?"

"என்னத்தப் பேசறது? தள்ளணும்னு நெனச்ச ஆளு ஸ்கூட்டர்லயே உக்காந்து வரேன்."

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பாக வந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப் பார்த்து ஒருவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. அதுவும் தாமுவுக்கு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பால்கனி விஷயத்த இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

சொன்னான். கோமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாயசம் சாப்பிடும்போது மறுபடியும் சொல்லச் சொன்னேன். அவன் அலுத்துக்கொண்டே சொன்னான்.

அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவன் பொறாமைப்பட்ட அந்தத் திருத்தம் என்னுடையதில்லை, அவனுடையதுதான். அந்த மிருதங்கமும் அந்தக் குரலும் அவன் வேலை. ஆனால் பால்கனியில் நின்ற கொஞ்ச நேரம், இந்த ஆளைப் போல இருக்க முடியவில்லையே என்று அவன் நினைத்தது என்னைப் பார்த்துத்தான். பெட்டி அவனிடமே இருக்கட்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.